ஓருயிர், இருபெயர்: டைனோஃபிளாஜெல்லேட் உறைக்கூட்டுப் புதைபடிவங்களின் வகைப்பாடும் பெயரிடலும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

டைனோஃபிளாஜெல்லேட்டுகள் எனப்படும் ஒற்றைச்செல் உயிர்கள் தம் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு கட்டத்தில் உருவாக்கும் உறைக்கூடுகளே பாறைகளில் புதைபடிவங்களாக எஞ்சுகின்றன. நீந்தும் உயிருக்கு ஒரு பெயரும் அதன் கூட்டுக்கு வேறொரு பெயரும் வழங்கும் இருபெயர் முறை, வகைப்பாட்டியலின் குறைபாடாகப் பல வேளைகளில் கருதப்படுகிறது. சான்று எதுவரை செல்கிறதோ அதுவரையே பெயரும் செல்லவேண்டும் என்னும் கட்டுப்பாட்டின் விளைவே இம்முறை என இக்கட்டுரை வாதிடுகிறது. அதே அளவுகோலைக் கொண்டு, வெட்ஸலியெல்லாவும் அதன் உறவுப் பேரினங்களும் அடங்கிய உட்குடும்பத்திற்கு 2015-இல் செய்யப்பட்ட மறுசீரமைப்பும், அதற்கு 2017-இல் எழுந்த மறுப்பும் மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: டைனோஃபிளாஜெல்லேட், உறைக்கூடு, வெளியேறுவாயில், தகட்டமைவு, இருபெயர் முறை, முன்னுரிமை விதி, ஸ்பினிஃபெரைட்டீஸ், அபெக்டோடினியம்.

முன்னுரை

ஓர் உயிருக்கு இட்ட பெயர், அதை இட்டவர் அவ்வுயிரைப்பற்றி என்ன அறிந்திருந்தார் என்பதற்கும் சான்றாக நிற்கிறது. அவர் கண்டது அவ்வுயிர் விட்டுச்சென்ற வெற்றுக்கூடு மட்டுமே எனின், அப்பெயர் கூட்டைக் குறிக்குமா, கூட்டைக் கட்டிய உயிரைக் குறிக்குமா என்னும் வினா எழுகிறது. புதைபடிவ டைனோஃபிளாஜெல்லேட்டுகளின் வகைப்பாட்டு வரலாறு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக இவ்வினாவைச் சுற்றியே நகர்ந்து வந்துள்ளது.

டைனோஃபிளாஜெல்லேட்டுகள் இரண்டு கசையிழைகளால் சுழன்று நீந்துபவை. பெயரின் முற்பகுதி சுழற்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; அச்சம் தருவது என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்த ‘டைனோசர்’ என்பதன் முற்பகுதியோடு இதற்குத் தொடர்பில்லை. இவற்றுள் பலவற்றின் உடலைச் செல்லுலோஸ் தகடுகளாலான கவசம் மூடியிருக்கும். உயிர் இறந்தபின் இக்கவசம் விரைவில் சிதைந்துவிடும். ஆனால், பாலினக் கலப்பிற்குப்பின் சில சிற்றினங்கள் உறங்குநிலைக்குச் செல்லும்போது, ‘டைனோஸ்போரின்’ எனப்படும் எளிதில் அழியாத கரிமப் பொருளால் ஓர் உறையை அமைத்துக்கொள்கின்றன. கடலடி வண்டலில் கிடந்து, ஏற்ற பருவத்தில் உறையின் ஒரு பகுதியைத் திறந்துகொண்டு உயிர் வெளியேறுகிறது. எஞ்சும் வெற்றுறையே புதைபடிவம். மருத்துவத் தமிழில் ‘சிஸ்ட்’ என்பதற்கு வழங்கும் ‘நீர்க்கட்டி’ இங்குப் பொருந்தாது என்பதால் இக்கட்டுரையில் ‘உறைக்கூடு’ என்னும் சொல் ஆளப்படுகிறது.

இன்று வாழும் டைனோஃபிளாஜெல்லேட் சிற்றினங்கள் 2000-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் 13 முதல் 16 விழுக்காடு மட்டுமே உறைக்கூடு அமைப்பனவாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே பாறைகளில் கிடைக்கும் பதிவு தொடக்கத்திலேயே ஒரு பகுதிப் பதிவு. டிரையாசிக் காலத்தின் பிற்பகுதியிலிருந்து தொடர்ச்சியாகக் கிடைக்கும் இப்பதிவைக் கொண்டே பாறையடுக்குகளின் வயதும் பழங்கடல்களின் வெப்பநிலையும் உவர்ப்பும் கணிக்கப்படுகின்றன. எண்ணெய் வளம் தேடும் நிலவியலாளருக்கும் காலநிலை வரலாற்றாளருக்கும் இக்கூடுகளின் பெயர்ப்பட்டியல் ஒரு நாட்காட்டி போன்றது. அதில் ஒரு பெயரை மாற்றினால் அதன் தாக்கம் வகைப்பாட்டியலுக்கு வெளியேயும் பரவும்.

முள்ளுருண்டைகளின் பெயர் வரலாறு

1830-களில் ஜெர்மானிய அறிஞர் கிறிஸ்டியன் காட்ஃப்ரீட் எரென்பெர்க், கிரெட்டேசியஸ் காலத்துத் தீக்கற்களை மெல்லிய சில்லுகளாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அவற்றுள் தகடுகளின் தடம் தெளிவாகத் தெரிந்த சில வடிவங்களை அவர் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்றே சரியாக இனங்கண்டார். அவற்றுள் ஒன்றுக்கு அவர் இட்ட ‘பைரோஃபோரம்’ என்னும் சிற்றினப்பெயர் ‘தீயைச் சுமப்பது’ எனப் பொருள்படும். தீக்கல்லில் கிடைத்ததை நினைவூட்டும் பெயர் அது. ஆனால், அதே சில்லுகளில் மிகுதியாகக் கிடந்த முள்ளுடைய உருண்டைகளை அவர் ‘ஸான்திடியம்’ என்னும் பேரினத்தில் சேர்த்தார். ஸான்திடியம் நன்னீரில் வாழும் பச்சைப்பாசி. முட்களின் தோற்ற ஒற்றுமை ஒன்றே இவ்விணைப்பிற்கு அடிப்படை. கடலில் படிந்த பாறையில் நன்னீர்ப் பாசி எவ்வாறு வந்தது என்னும் ஐயத்தை இப்பெயர் உள்ளடக்கியே வைத்திருந்தது.

இங்கிலாந்தைச் சேர்ந்த கிடியன் மாண்டெல் 1850-இல் இம்முள்ளுருண்டைகளுக்கு ‘ஸ்பினிஃபெரைட்டீஸ்’ என்னும் பெயரைத் தந்தார். ‘முள் தாங்குவது’ என்பதற்கு மேல் அப்பெயர் எதையும் கூறவில்லை. இவை எவ்வுயிரைச் சார்ந்தவை என்னும் முடிவை அது திணிக்கவில்லை. இந்த அடக்கமே அப்பெயரின் வலிமையாகப் பின்னாளில் அமைந்தது. எனினும் அது நெடுங்காலம் பயன்பாடின்றிக் கிடந்தது. 1933-இல் ஓட்டோ வெட்ஸல், பால்டிக் பகுதித் தீக்கற்களை ஆராய்ந்து ‘ஹிஸ்ட்ரிகோஸ்ஃபீரா’ என்னும் பேரினத்தை நிறுவினார். முள்ளம்பன்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் உருண்டையைக் குறிக்கும் சொல்லும் இணைந்த பெயர் இது. பிரான்சின் ஜார்ஜ் தெஃப்லாந்தர், ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஐசனாக் ஆகியோரின் உழைப்பால் ‘ஹிஸ்ட்ரிகோஸ்ஃபியர்’ என்னும் சொல் முள்ளுருண்டைகள் அனைத்திற்கும் பொதுப்பெயராகப் பரவியது.

எரென்பெர்க் ‘ஸான்திடியம் ரமோசம்’ என அழைத்த ஒரே வடிவம், பின்னர் ‘ஹிஸ்ட்ரிகோஸ்ஃபீரா ரமோசா’ ஆகி, இன்று ‘ஸ்பினிஃபெரைட்டீஸ் ரமோசஸ்’ என வழங்குகிறது. இரண்டாவது பெயர்மாற்றத்திற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் காரணமன்று. முன்னுரிமை விதியே காரணம். 1850-ஆம் ஆண்டுப் பெயர் செல்லத்தக்கது என 1960-களில் சுட்டிக்காட்டப்பட்டபின், 1970-இல் வில்லியம் சார்ஜெண்ட் ஸ்பினிஃபெரைட்டீஸ் பேரினத்தை விரிவாக மறுவரையறை செய்தார். நாற்பதாண்டுகள் பழகிய பெயர் இவ்வாறு விலகியது. அப்போது எழுந்த சலிப்பை இன்றைய விவாதங்களோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு புலப்படும். அன்று மாறியது பெயர்ச்சொல் மட்டுமே. அப்பெயருக்குள் அடங்கிய வடிவங்களின் எல்லை பெரிதும் மாறவில்லை. கீழே ஆராயப்படும் 2015-ஆம் ஆண்டு மாற்றமோ எல்லைகளையே கலைத்தது.

வாயில் தந்த சான்று

முள்ளுருண்டைகள் யாவை என்னும் வினாவிற்கு விடை 1961-இல் வில்லியம் எவிட் வெளியிட்ட ஆய்வில் கிடைத்தது. அவர் புதிய பாறை எதையும் தேடிச் செல்லவில்லை. பிறர் பலமுறை பார்த்து ஒதுக்கிய ஓர் அடையாளத்தைப் பொருட்படுத்தினார். பல உருண்டைகளில் ஓர் ஒழுங்கான திறப்பு இருந்தது. அதைத் தற்செயலான உடைவு எனப் பலர் கருதியிருந்தனர். அத்திறப்பின் விளிம்பு கோணங்களோடு அமைந்திருப்பதையும், அது எப்போதும் உடலின் ஒரே இடத்தில் தோன்றுவதையும், அதன் வடிவம் டைனோஃபிளாஜெல்லேட் கவசத்தின் ஒரு தகட்டோடு அல்லது தகட்டுத் தொகுதியோடு பொருந்துவதையும் எவிட் காட்டினார். உயிர் வெளியேறிய வாயில் அது. அதோடு முட்களின் அமைப்பும் விளக்கம் பெற்றது. சில பேரினங்களில் தகட்டுக்கு ஒன்றாக முள் நடுவில் நிற்கிறது. ஸ்பினிஃபெரைட்டீஸில் மூன்று தகடுகள் சந்திக்கும் மூலைகளில் முள் எழுகிறது. கவசம் மறைந்தபின்னும் அதன் வரைபடத்தைக் கூடு ஏந்தி நிற்கிறது.

எவிட்டின் பங்களிப்பு இத்தோடு முடியவில்லை. முள்ளுருண்டைகளுள் வாயிலோ தகட்டமைவோ காணப்படாதவையும் உண்டு. அவற்றையும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என அறிவிக்கும் கவர்ச்சிக்கு அவர் இடந்தரவில்லை. 1963-இல் அவற்றுக்கு ‘அக்ரிடார்க்’ என்னும் பெயரை முன்மொழிந்தார். ‘உறுதிப்படாத தோற்றமுடையது’ என்பது அதன் பொருள். அறியாமையை அறியாமை என்றே பெயரில் எழுதிவைத்த செயல் இது. வகைப்பாட்டியலில் இத்தகைய நேர்மை அரிது. பிற்காலத்தில் அக்ரிடார்க்குகளுள் எதன் உறவு தெளிவாயிற்றோ அதை அத்தொகுதியிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைக்க முடிந்தது. தொகுதியின் பெயர் பொய்யாகவில்லை.

கூட்டிலிருந்து எழுந்த உயிர்

எவிட்டின் வாதம் வடிவ ஒப்பீட்டால் ஆனது. நேரடிச் சான்றை 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் உட்ஸ் ஹோலில் பணியாற்றிய டேவிட் வால், பாரி டேல் ஆகிய இருவரும் தந்தனர். கடலடி வண்டலிலிருந்து உயிருள்ள உறைக்கூடுகளைப் பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, எந்தக் கூட்டிலிருந்து எந்த நீந்தும் உயிர் வெளிவருகிறது என அவர்கள் பதிவுசெய்தனர். புதைபடிவமாக அறியப்பட்ட ‘லிங்குலோடினியம் மகேரோஃபோரம்’ என்னும் கூட்டிலிருந்து, உயிரியலாளர் அன்று ‘கோனியாலாக்ஸ் பாலியீட்ரா’ என அழைத்த உயிர் வெளிவந்தது. அதுவரை இரு துறையினரும் ஒரே உயிரின் இரு பருவங்களை ஒன்றையொன்று அறியாமல் ஆராய்ந்து வந்தனர்.

இனி இரு பெயர்களையும் ஒன்றாக்கிவிடலாம் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அதே ஆய்வுகள் அவ்வெதிர்பார்ப்பைக் குலைத்தன. ‘கோனியாலாக்ஸ் ஸ்பினிஃபெரா’ என ஒரே பெயரால் அழைக்கப்பட்ட நீந்தும் உயிர், ஸ்பினிஃபெரைட்டீஸ் பேரினத்தின் பல சிற்றினங்களாக வகுக்கப்பட்ட கூடுகளிலிருந்தும், ‘நெமடோஸ்ஃபீராப்ஸிஸ்’, ‘டெக்டடோடினியம்’ ஆகிய வேறு பேரினங்களின் கூடுகளிலிருந்தும் வெளிவந்தது. கவசத்தில் வேறுபாடு தெரியாத இடத்தில் கூட்டில் பெரும் வேறுபாடு தெரிந்தது. மறுதலையும் உண்டு. ‘ஓபர்குலோடினியம்’ என்னும் கூட்டுப் பேரினம் ‘புரோடோசெரேஷியம் ரெடிகுலேட்டம்’ என்னும் உயிரோடு நெடுங்காலம் இணைக்கப்பட்டிருந்தது. கலிபோர்னியாவின் சால்ட்டன் ஏரியிலிருந்து 2018-இல் விவரிக்கப்பட்ட ‘பென்டாபிளாகோடினியம்’ என்னும் வேறொரு பேரினமும் ஓபர்குலோடினியம் வகைக் கூடுகளையே அமைப்பதாகத் தெரியவந்தது. ஆக, ஒரு கவசத்திற்குப் பல கூடுகள்; ஒரு கூட்டுப் பேரினத்திற்குப் பல கவசங்கள்.

தமிழ் மரபில் பயின்றோருக்கு இந்நிலை முற்றிலும் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களை ஒன்பதாக வகுத்து, அவற்றுள் ‘குருளை’ என்பதை நாய், பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றிற்கு உரிமையாக்குகிறது. அவ்விலங்குகளின் இளமைக்குக் ‘குட்டி’, ‘பறழ்’ ஆகியவற்றையும் விலக்கவில்லை. பருவத்திற்குரிய பெயர் இனத்திற்குரிய பெயரோடு ஒன்றுக்கொன்றாகப் பொருந்தவேண்டியதில்லை என்பது அங்கு இயல்பாக ஏற்கப்பட்டுள்ளது. ஒப்புமை அவ்வளவே. குருளையின் தாய் எது எனக் கண்ணால் காணலாம். ஜுராசிக் காலக் கூட்டின் தாயுயிர் எது எனக் காண வழியில்லை.

சட்டத்தொகுப்பின் நிலைப்பாடு

டைனோஃபிளாஜெல்லேட்டுகளை விலங்கியலாரும் தாவரவியலாரும் தத்தம் விதிகளின்படி பெயரிட்டு வந்துள்ளனர். புதைபடிவக் கூடுகளை ஆராய்வோர் இன்று பின்பற்றுவது பாசிகள், பூஞ்சைகள், தாவரங்கள் ஆகியவற்றிற்கான பன்னாட்டுப் பெயரிடல் சட்டத்தொகுப்பையே. ஓர் உயிரின் வெவ்வேறு உறுப்புகள், வாழ்க்கைப் பருவங்கள், பாதுகாப்பு நிலைகள் ஆகியவற்றைக் குறிக்கும் புதைபடிவ இனங்களுக்குத் தனித்தனிப் பெயர் வழங்க அது இடமளிக்கிறது. இலைக்கும் விதைக்கும் தண்டுக்கும் தனிப்பெயர் இடும் தொல்தாவரவியல் மரபின் நீட்சி இது.

டைனோஃபிளாஜெல்லேட்டில் மட்டும் சிக்கல் கூடுதலாக இருந்தது. ஒருமுனையில் புதைபடிவமும் மறுமுனையில் இன்று வாழும் உயிரும் நிற்கின்றன. வாழும் உயிரின் அடிப்படையில் அமைந்த பெயரும் புதைபடிவத்தின் அடிப்படையில் அமைந்த பெயரும் ஒரே இனத்தைக் குறிப்பதாகக் கொண்டால், வாழும் உயிரின் பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. ஸ்பினிஃபெரைட்டீஸ் 1850-ஐச் சேர்ந்தது. கோனியாலாக்ஸ் 1866-ஐச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாக்கினால் வயதில் மூத்த பெயர் மறைந்து இளைய பெயர் நிலைக்கும். கிரெட்டேசியஸ் காலத்திலிருந்து தொடரும் ஒரு பதிவு முழுதும் இன்றைய ஓர் உயிரின் பெயருக்குள் அடங்கும். அக்காலக் கூடுகளைக் கட்டிய உயிர்களின் கவசம் கோனியாலாக்ஸின் கவசத்தை ஒத்திருந்ததா என எவரும் கண்டதில்லை. 2016-இல் மார்ட்டின் ஹெட்டும் பிறரும் முன்வைத்த திருத்தங்களைத் தொடர்ந்து, ஷென்ஜென் மாநாட்டிற்குப்பின் 2018-இல் வெளியான சட்டத்தொகுப்பில் டைனோஃபிளாஜெல்லேட்டுகளின் இருபெயர் முறை ஐயத்திற்கிடமின்றி ஏற்கப்பட்டது.

இதே சட்டத்தொகுப்பு, பூஞ்சைகளின் விவகாரத்தில் நேரெதிர் முடிவை எடுத்தது. பாலினப் பருவத்திற்கு ஒன்றும் பாலிலாப் பருவத்திற்கு ஒன்றுமாக வழங்கிய இரட்டைப் பெயர்கள் 2011-ஆம் ஆண்டு மெல்போர்ன் மாநாட்டில் கைவிடப்பட்டு, ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என விதிக்கப்பட்டது. பூஞ்சைக்கு ஒன்று, டைனோஃபிளாஜெல்லேட்டுக்கு வேறொன்றா எனச் சிலர் முரண்பாடு காண்பர். பூஞ்சையின் இரு பருவங்களும் உயிருடன் கிடைக்கின்றன. மரபணு வரிசையைக் கொண்டு அவற்றை இணைக்க முடியும். பாறையிலுள்ள கூட்டிற்கு அவ்வாய்ப்பு இல்லை. சான்றின் தன்மை வேறுபடுவதால் விதியும் வேறுபட்டது என்பதே பொருத்தமான விளக்கம்.

இருபெயர் முறைக்கு விலை இல்லாமல் இல்லை. ‘பைரோடினியம் பஹாமென்ஸ்’ வெப்பமண்டலக் கடல்களில் பெருகி, சிப்பி உணவின் வழியாக உயிர்கொல்லும் நஞ்சை மனிதருக்குக் கடத்தும் உயிர். பப்புவா நியூகினியிலும் சபாவிலும் 1970-களிலும், பிலிப்பைன்ஸில் 1983 முதலும் அது உயிரிழப்புகளை ஏற்படுத்தியுள்ளது. அதன் கூட்டைப் புதைபடிவ ஆய்வாளர் ‘பாலிஸ்ஃபெரிடியம் ஸோஹார்யி’ என அழைக்கின்றனர். ஒரு விரிகுடாவில் இவ்வுயிர் எத்தனை நூற்றாண்டுகளாக உள்ளது என்னும் வினாவிற்கு விடை கூட்டுப் பெயரில் எழுதப்பட்ட கட்டுரைகளில் கிடக்கலாம். நஞ்சை ஆராய்பவர் தேடுவதோ மற்றொரு பெயரை. இதற்குரிய தீர்வு இரு பெயர்களையும் இணைத்துக் காட்டும் அட்டவணையே ஆகும். கூட்டுப் பெயரை ஒழித்தால் பழைய பதிவுகளில் ஐயத்திற்குரியவையும் உறுதியானவையாக வேடமிடும்.

வெட்ஸலியெல்லா விவாதம்

இருபெயர் முறை ஏற்கப்பட்டபின்னும், கூடுகளைத் தமக்குள் எவ்வாறு பிரிப்பது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. பெரும்பிரிவுகளில் இன்று பெரிய கருத்துவேறுபாடு இல்லை. 1993-இல் ராபர்ட் ஃபென்சமும் ஐந்து ஆய்வாளர்களும் வெளியிட்ட வகைப்பாடு, வாழும் உயிர்களையும் புதைபடிவங்களையும் தகட்டமைவின் அடிப்படையில் ஒரே சட்டகத்தில் வைத்தது. கோனியாலகேல்ஸ், பெரிடினியேல்ஸ் ஆகிய துறைகள் அதில் உறுதிபெற்றன. சிக்கல் பேரின மட்டத்தில்தான். அங்குத் தகட்டமைவு பெரும்பாலும் பொதுவாகிவிடுவதால் வேறு பண்புகளை நாடவேண்டியுள்ளது: உறையின் அணிகள், முள்நீட்சிகள், உடலின் கொம்புகள், வாயிலின் நுண்வடிவம். எதற்கு முதலிடம்?

வெட்ஸலியெல்லா உறவினங்கள் இவ்வினாவின் களமாயின. பேலியோஜீன் காலக் கடல்களில் பெருகி மறைந்த இத்தொகுதிக்கு வாழும் பிரதிநிதி இல்லை. ஐந்து கொம்புகள் வரை கொண்ட தட்டையான உடலும், ஒரே ஒரு நாற்கோணத் தகடு திறந்து உருவாகும் வாயிலும் இதன் அடையாளங்கள். இதன் உறுப்பினராகிய அபெக்டோடினியம், ஏறத்தாழ 560 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பேலியோசீன், ஈயோசீன் காலங்களின் எல்லையில் புவி திடீரென வெப்பமடைந்தபோது உலகின் பல கடல்களில் ஒரே காலத்தில் பெருகியது. இன்றைய காலநிலை மாற்றத்தோடு ஒப்பிட்டுப் பேசப்படும் அந்நிகழ்வைப் பாறையில் இனங்காண உதவும் அடையாளங்களுள் ‘அபெக்டோடினியம் அகஸ்டம்’ முதன்மையானது. ரெக்ஸ் ஹார்லண்ட் 1979-இல் இச்சிற்றினத்தை விவரித்தபோது அபெக்டோடினியம் என்பது வெட்ஸலியெல்லாவின் ஓர் உட்பேரினமாகக் கொள்ளப்பட்டது. பின்னர் அது தனிப் பேரினமாக நிலைபெற்றது.

2015-இல் கிரஹாம் வில்லியம்ஸ், சாரா டமாஸா, ராபர்ட் ஃபென்சம், ஜி. ராகெல் கெர்ஸ்டைன் ஆகிய நால்வரும் இத்தொகுதி முழுவதையும் மறுசீரமைத்தனர். வாயிலின் வடிவமே பேரினங்களைப் பிரிக்கும் முதன்மைப் பண்பு என அவர்கள் கொண்டனர். அணிகளும் முட்களும் அடுத்த நிலைக்குத் தள்ளப்பட்டன. இதன் விளைவாகப் பல புதிய பேரினங்கள் தோன்றின. பழைய பேரினங்களின் எல்லைகள் மாறின. அகஸ்டம் ‘ஆக்ஸியோடினியம்’ என்னும் பேரினத்திற்கு மாற்றப்பட்டது.

இம்மறுசீரமைப்பின் தகுதிகளைக் குறைத்து மதிப்பிடலாகாது. அதற்குமுன் வாயிலின் விளிம்பை இத்தொகுதி முழுவதற்கும் ஒரே சொல்வழக்கில் எவரும் விவரித்ததில்லை. எவிட் வாயிலுக்கு அளித்த முதன்மையைப் பேரின மட்டத்திற்கும் நீட்டிக்கும் முயற்சி என்னும் வகையில் அதற்கு ஒரு தருக்கமும் உண்டு. ஆயினும் அந்நீட்டிப்பிலேயே குறையும் உள்ளது. எவிட் வாதிட்டது எந்தத் தகடு திறக்கிறது என்பதைப்பற்றி. அது இத்தொகுதியில் எங்கும் ஒன்றே. திறந்த தகட்டின் அகலம், உயரம், விளிம்பின் வளைவு ஆகியவை படிப்படியாக மாறக்கூடிய அளவுப் பண்புகள். முன்னதன் நம்பகத்தன்மையைப் பின்னதற்குக் கடனாகப் பெற இயலாது.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் இக்கட்டுரையின் அளவுகோலோடு நேரடியாகத் தொடர்புடையது. வாயில் திறந்தபின்னரே அதன் வடிவம் தெளிவாகத் தெரியும். உயிர் வெளியேறாத கூடும், மடிந்து நசுங்கிய கூடும், பக்கவாட்டில் கிடக்கும் கூடும் அதைக் காட்டுவதில்லை. முட்களும் கொம்புகளும் தெளிவாகத் தெரிந்து, சிற்றினம் எது எனக் கூற இயலும் ஒரு கூட்டிற்குப் பேரினம் எது எனத் தனியே கூற இயலாத நிலை உருவாகிறது. சிற்றினத்தை முதலில் அறிந்து, அதிலிருந்து பேரினத்தைப் பட்டியல் பார்த்து எழுதும் பழக்கம் ஏற்படும். அப்போது பேரினப் பெயர் கண்ணுற்ற சான்றைக் கூறுவதாகாது. வேறெங்கோ எடுத்த முடிவை எதிரொலிப்பதாகும்.

2017-இல் பீட்டர் பெய்லும் அவருடன் ஒன்பது ஆய்வாளர்களும் எழுதிய மறுப்பு, ஒரே தொகைக்குள்ளேயே வாயில் வடிவம் மாறுபடுவதைச் சுட்டி, அதை முதன்மைப் பண்பாக்குவது பொருந்தாது என வாதிட்டது. முந்தைய வகைப்பாட்டையே தொடரப் பரிந்துரைத்தது. இவ்வாதத்தின் மையம் வலுவானது. ஆனால் மறுப்போடு சேர்ந்து வழங்கும் இன்னொரு காரணத்தை, அதாவது பழகிய பெயர்கள் நிலைக்கவேண்டும் என்பதை, அதே வலிமையுடையதாகக் கொள்ள இயலாது. ஹிஸ்ட்ரிகோஸ்ஃபீராவும் பழகிய பெயர்தான். நிலைத்தன்மை ஒரு வசதி, வசதி சான்றாகாது. மேலும், முட்களுக்கும் அணிகளுக்கும் முதலிடம் தருவோர் ஓர் உண்மையை எதிர்கொண்டாகவேண்டும். லிங்குலோடினியம் மகேரோஃபோரம் கூட்டின் முட்களின் நீளம், உயிர் வாழ்ந்த நீரின் உவர்ப்பையும் வெப்பத்தையும் சார்ந்து மாறுவதைக் கென்னத் மெர்ட்டென்ஸும் பிறரும் 2009-இல் விரிவான அளவீடுகளோடு காட்டினர். அது வேறு துறையைச் சார்ந்த உயிர் என்பது உண்மை. எனினும் முள் என்னும் பண்பு சூழலால் பாதிக்கப்படாதது எனக் கொள்ள இனி இடமில்லை. வாயில் மாறுபடுகிறது என்பதால் மட்டும் முள் மாறாதது ஆகிவிடாது.

இவ்விவாதத்தில் கவனிக்கப்படாத ஒரு தரப்பும் உண்டு, அது பெயர்ப்பட்டியல். ஜூடித் லெண்டினும் கிரஹாம் வில்லியம்ஸும் 1973-இல் வெளியிட்ட புதைபடிவ டைனோஃபிளாஜெல்லேட் அட்டவணை, பல பதிப்புகளாக வளர்ந்து இத்துறையின் பொது ஆவணமாக உள்ளது. உலகெங்கும் சிதறிய பெயர்களை ஓரிடத்தில் திரட்டிய அவ்வுழைப்பின்றி இத்துறை இன்றைய நிலையை எட்டியிராது. வில்லியம்ஸ், ஃபென்சம், மக்ரே ஆகியோரின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு, 2015-ஆம் ஆண்டு மறுசீரமைப்பை ஏற்றுக்கொண்டது. மறுசீரமைத்தவர்களுள் இருவர் அட்டவணையின் ஆசிரியர்களும் ஆவர். இதில் மறைவு ஏதுமில்லை. தம் கருத்தைத் தாம் ஏற்பது குற்றமும் அன்று. ஆனால் அட்டவணையைப் புரட்டும் இளம் ஆய்வாளர், விவாதத்திற்குரிய ஒரு கருத்தை முடிந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ள நேரிடுகிறது. இதனால் பல ஆய்வுக்கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் ஒரு விசித்திரமான வாக்கியம் வழக்கமாகியுள்ளது: பெயர்கள் 2017 அட்டவணையின்படி எழுதப்பட்டுள்ளன, வெட்ஸலியெல்லா உறவினங்கள் நீங்கலாக.

அவ்விலக்கு வாக்கியம் எழுதப்படும் கட்டுரைகளில் அகஸ்டம் அபெக்டோடினியமாகவும், எழுதப்படாதவற்றில் ஆக்ஸியோடினியமாகவும் தோன்றுகிறது. தரவுத்தளங்களைத் தானாகத் திரட்டும் கணினி நிரல் இவ்விரண்டையும் இரு வேறு உயிர்களாகவே எண்ணும். ஒரே வெப்பநிகழ்வில் இரண்டு பேரினங்கள் பெருகியதாக ஒரு வரைபடம் உருவாகுமாயின் அது கடலில் நிகழ்ந்ததைக் காட்டாது. நூலகத்தில் நிகழ்ந்ததைக் காட்டும். இங்கு எழும் இரட்டைப் பெயர், முன்னர் ஆராயப்பட்ட கூடு–கவசப் பெயர்களின் இரட்டைத்தன்மையோடு ஒப்பிடத்தக்கதன்று. அங்கு இரு பெயர்களுக்கும் இரு வேறு சான்றுகள் உண்டு. இங்கோ ஒரே கூட்டை, ஒரே வில்லையில், ஒரே நுண்ணோக்கியில் கண்ட இருவர் இரு பெயர் எழுதுகின்றனர்.

இதைத் தீர்க்கும் வழி அளவீட்டில் உள்ளது. ஒரே பாறை மாதிரியிலிருந்து திறந்த வாயிலுடைய நூற்றுக்கணக்கான கூடுகளை எடுத்து, வாயிலின் நீள அகல விகிதத்தையும் முட்களின் நீளத்தையும் ஒவ்வொரு கூட்டிலும் அளந்தால், எப்பண்பு தெளிவான குழுக்களாகப் பிரிகிறது, எது இடைவெளியின்றிப் பரவுகிறது என்பது வெளிப்படும். வாயிலின் அளவுகள் தனித்தனிக் குழுக்களாகப் பிரிந்து, அப்பிரிவு வெவ்வேறு கடல்களின் மாதிரிகளிலும் திரும்பத் தோன்றுமாயின் ஆக்ஸியோடினியம் நிலைபெறும். இடைவெளியின்றிப் பரவினால் அப்பேரினம் விலக்கப்படவேண்டும். அதுவரை, எந்த வகைப்பாட்டைப் பின்பற்றினாலும், சிற்றினப் பெயருடன் ஹார்லண்டின் 1979-ஆம் ஆண்டு மூலமாதிரியையும் சேர்த்துக் குறிப்பிடுவது, பேரினம் எதுவாக மாறினும் எந்தக் கூடு பேசப்படுகிறது என்பதை வாசிப்பவருக்கு உறுதிப்படுத்தும்.